வியர்க்காத பிள்ளை இருந்த வீடு

செம்பூரில் அந்த வீட்டுக்குப் போட்டிருந்தது வீட்டுக்குப் போடுகிற ஏசியே இல்லை. சின்ன சினிமாக் கொட்டகைக்குப் போடுவது. அறுபதுகளில் பம்பாயில் பெரிய பணக்காரர்கள்கூட ஜன்னலில் ஒரு பெட்டியை மாட்டிப் படுக்கையறையை மட்டும் குளிர வைத்துக்கொண்டு, அதையே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். இந்த வீட்டிலோ பின்பக்கம் தனி அறை கட்டி, இடுப்பு உயரக் கம்ப்ரஸரை இறக்கி, கூரைக்கடியில் தகரக் குழாய் ஓட்டி, கூடம், படுக்கையறைகள், சமையலறைக்குப் போகிற நடை என்று ஒரு மூலை விடாமல் குளிர்காற்றைக் கொண்டுபோயிருந்தார்கள். முதல் தடவை உள்ளே நுழைந்தபோது மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்து, ஒருவன் புரண்டால் மற்ற ஐந்து பேரும் புரள வேண்டும் என்று இருந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்?

திட்டினது தப்பு என்று அரை மணி நேரத்தில் தெரிந்தது. வீட்டுக்காரர் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். தாராவியில் தோல் மண்டி வைத்திருந்தார். அவருக்கு ஒரே பெண், ஐந்து வயது. தலையில் பூனைமுடி போல மெல்லிசாகக் கொஞ்சம் முடி. பிறவியிலேயே அந்தப் பிள்ளைக்கு வியர்வை வராது.

"நமக்கெல்லாம் வேர்த்து மேலு ஆறிருது தம்பி. இவளுக்கு ஆறாது. சூடு உள்ளேயே நிக்கும். நூத்தி மூணு, நூத்தி நாலுன்னு போயிட்டா ஜன்னி கண்டுரும். அதுக்கு மேல தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று அந்தப் பிள்ளையின் அம்மா சொன்னார்கள்.

ஒரு அறையில் மட்டும் ஏசி போட்டால் பிள்ளையை அந்த அறைக்குள்ளேயே பூட்டி வைக்க வேண்டும். ஓடி ஆடுகிற வயது. அதனால் வீடு முழுவதையும் குளிர வைத்துவிட்டார்கள். அவள் வெளியே வருவது மழைக்காலத்திலும் மார்கழிக் காலையிலும் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் அந்த வீடுதான் அவளுக்கு ஊர். நான் போனால் "மிஷின் மாமா" என்று கத்திக்கொண்டு நடையில் ஓடி வருவாள். அந்தக் கம்ப்ரஸர் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தாராவி ஓரத்தில் ஒரு ஏசி பட்டறையில் மெக்கானிக். பட்டறை முதலாளியும் எங்கள் ஊர்ப்பக்கம்தான், மாட்டுங்காவில் குடியிருந்தார். கோபக்காரர், பக்திமான். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் கீழே வேலை செய்கிறவன் பாடு திண்டாட்டம்தான்.

மிஷினைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த கூத்து புரியாது. கம்ப்ரஸர் கேஸை அழுத்துகிறது. அழுத்தினால் கேஸ் சூடாகிறது. அந்தச் சூட்டை ஒரு குழாய்த் தண்ணீர் வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறது. அங்கே மரச்சட்டம் அடித்த ஒரு டவர். அதில் தண்ணீர் தூறலாக விழுந்து, காற்றில் ஆறி, அடியில் தொட்டியில் சேர்ந்து, ஜாலி என்கிற கம்பிவலை வழியாக வடிகட்டி மறுபடி கீழே வருகிறது. தண்ணீர் சரியாகச் சுற்றாவிட்டால் சூடு போக வழியில்லை. பிரஷர் ஏறும். ஒரு அளவைத் தாண்டினால் மிஷின் வெடித்துவிடாமல் இருக்க ஒரு ஸ்விட்ச் தானாக அதை நிறுத்திவிடும்.

இதை ஒருநாள் அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தேன். மாடியில் ஏன் மழை பெய்கிறது என்று கேட்டார்கள். "மிஷினுக்கு வேர்க்குற எடம்மா அது" என்றேன். அதன்பிறகு தினமும் சாயங்காலம் மாடிக்குப் போய் டவரில் தண்ணீர் விழுகிறதா என்று பார்த்துவிட்டு வருவார்கள் என்று வீட்டு டிரைவர் சொன்னான்.

பம்பாயில் மழை ஓய்ந்த பிறகு, தசரா சமயத்தில் ஒரு வெயில் அடிக்கும். மே மாதத்தை அதற்குத் தம்பி என்று சொல்லலாம். அந்த வருஷம் அதற்கு இரண்டு வாரம் முந்தியே போய்க் கேஸைப் பார்த்து, கொஞ்சம் குறைந்திருந்ததால் நிரப்பினேன். நிரப்பும்போது, பிள்ளைக்கு நல்லாக் குளிரட்டுமே என்று அளவுக்கு மேல் கொஞ்சம் கூடவே விட்டேன். பாயசத்தில் சர்க்கரை கூடப் போடுகிற மாதிரி நினைப்பு. கேஸ் கூடினால் குளிர் கூடாது, பிரஷர்தான் கூடும் என்று தொழிலில் முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்று ஏனோ கை கேட்கவில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். முந்தின நாள், நாங்கள் பார்த்துக்கொள்கிற மிஷினையெல்லாம் அந்தந்த இடத்துக்கே போய்க் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கேந்திப்பூ மாலை போட்டுவிட்டு வருவோம். செம்பூர் வீட்டுக்காரரிடம் வாசலிலேயே நின்று, "மொதலாளி, நீங்க வேணாம்னா பொட்டு வைக்கல" என்று கேட்டேன்.

"ஒன் தொழிலு, ஒன் சாமி. வச்சுட்டுப் போவும் வே. மிஷின் நிக்காம ஓடணும், எனக்கு அம்புட்டுத்தான்" என்றார் அவர்.

கம்ப்ரஸருக்கு ஒரு மாலை, மோட்டாருக்கு ஒன்று. மாடிக்குப் போய் டவர்த் தொட்டிக்குள் இறங்கி, பாசியைத் தேய்த்துக் கழுவினேன். மாலையை வெளிப்பக்கம் கட்டினேன். டிராம்பே பக்கத்துக் கடல்காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. அவிழ்த்து, உள்பக்கமாக, தூறல் விழுகிற இடத்துக்கு மேலே ஒரு சட்டத்தில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். மீதி உதிரிப்பூவைச் சுற்றிலும் தூவினேன். பார்க்க அழகாகவே இருந்தது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; நான் வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் பூஜை. ஸ்பானர், கொறடு, பிரஷர் மீட்டர், வால்வு சாவி என்று எல்லா ஆயுதத்தையும் கழுவி, சிவப்புத் துணி விரித்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, பொரிகடலை படைத்துக் கும்பிட்டோம். அதன்பிறகு மறுநாள் காலையில் மறுபூஜை போடுகிறவரை ஒன்றையும் தொடக் கூடாது.

"ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூட எடம் மாறக் கூடாது, கேட்டியா?" என்று முதலாளி என்னைப் பார்த்துச் சொன்னார். "போன வருசம் ஒருத்தன் அவசரம்னு ஸ்பானரை எடுத்தான். எட்டாம் நாளு பெல்ட்டுல விரலைக் குடுத்தான். மறந்துராத." மறக்க வழியில்லை, அந்த ஆள் எங்கள் அறையில்தான் படுத்திருந்தான். விரல் இல்லாத கையை வைத்துப் பீடி பற்றவைப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கும்பிட்டு முடித்து, முதலாளி மாட்டுங்காவுக்குப் போய்விட்டார். பட்டறைச் சாவி ஒன்று எப்போதும் என்னிடம் இருக்கும். நான் அறைக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, பட்டப்பகலில் தூங்குகிற சுகத்துக்காகக் காலை நீட்டினேன். அப்போதுதான் செம்பூர் வீட்டு டிரைவர் சந்துக்குள் ஓடி வந்தான். வடநாட்டுக்காரன், தமிழ் தெரியாது.

"சேட் புலா ரஹா ஹை. மிஷின் பந்த். பேபி கோ புகார்" என்றான்.

வீட்டுக்காரர் கூப்பிடுகிறார், மிஷின் நின்றுவிட்டது, பிள்ளைக்குக் காய்ச்சல். எனக்குத் தூக்கம் போன வழி தெரியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு காரில் ஏறினேன். ஆயுதம் எதையும் எடுக்கவில்லை. ஃப்யூஸ் போயிருக்கும், பட்டன் எகிறியிருக்கும், வெறுங்கையாலேயே சரிசெய்துவிடலாம் என்று சயான் வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். உள்ளே வேறொரு குரல், நீ கூடுதலாகப் போட்ட கேஸ்தானடா என்றது. அந்தக் குரலைக் கேட்காத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் காற்று வந்துகொண்டுதான் இருந்தது. அதுதான் கொடுமை. விசிறி மோட்டார் தனியாக ஓடுவதால், தகரக் குழாயில் வெயில் ஏறின காற்று எல்லா அறைக்கும் ஒழுங்காக வந்தது. கூடத்து மொசைக் தரையில் பிள்ளையை ஈரத் துப்பட்டி போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். அவள் அம்மா ஒரு வாளித் தண்ணீரில் துணியை முக்கி முக்கிப் பிழிந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் தெர்மாமீட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்து, உதடு காய்ந்து கிடந்த பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு, "மிஷின் மாமா, காத்து சுடுது" என்றாள்.

"நூத்தி ரெண்டு. டாக்டருக்கு போன் போட்டுட்டேன், வீட்ல இல்ல, தேடுதாங்க" என்றார் வீட்டுக்காரர். "ஏதாவது செய்யும் வே."

மிஷின் அறைக்கு ஓடினேன். ஃப்யூஸ் நன்றாக இருந்தது. கூடத்தில் குளிர் அளவு வைக்கிற ஸ்விட்ச் சரி. விசிறி பெல்ட் இறுக்கமாக இருந்தது. தூசி வடிகட்டியை இழுத்துப் பார்த்தேன். நேற்று நானே தட்டினது, சுத்தம். பிரஷர் ஸ்விட்ச்தான் எகிறியிருந்தது. அதன் பட்டனை அமுக்கினேன். கம்ப்ரஸர் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஐந்து நிமிஷம் ஓடியது. எனக்கு மூச்சு வந்தது. டக் என்று நின்றது.

மறுபடி அமுக்கினேன். இந்தத் தடவை நாலு நிமிஷம். கேஸ் வெளியே வருகிற குழாயைத் தொட்டேன். கை தானாகப் பின்னால் வந்தது.

பிரஷர் ஏறுகிறது என்றால் மூன்று காரணம் இருக்கலாம். கேஸ் கூடியிருக்கலாம், குழாய்க்குள் காற்று புகுந்திருக்கலாம், தண்ணீர் சரியாக வராமல் இருக்கலாம். எந்த மெக்கானிக்கும் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பான். நான் பார்க்கவில்லை. பம்பு ஓடுகிற சத்தம் கேட்டது. டவரையும் தொட்டியையும் நேற்று நானே இறங்கிக் கழுவியிருந்தேன். நான் கழுவின இடத்தில் என்ன கோளாறு இருக்கப் போகிறது என்ற திமிர். தவிர, கூடுதலாக விட்ட கேஸ் என் தலையை முழுதாகப் பிடித்துக்கொண்டிருந்தது. செய்த தப்பு ஒன்று கையில் இருக்கும்போது மனம் அதைத் தாண்டி வேறு எங்கும் போகாது போலிருக்கிறது.

கொஞ்சம் கேஸைத் திறந்து விட்டுவிட்டால் சரியாகும் என்று முடிவு செய்தேன். மீட்டர் இல்லாமல் எவ்வளவு விடுவது? தெரியாது. டிரைவரிடம் கார் டிக்கியிலிருந்து கொறடு வாங்கி, மேலே இருந்த வால்வைத் திருகினேன். சீறிக்கொண்டு போனது. அப்போது கேஸ் வெளிநாட்டிலிருந்து பர்மிட்டில் வரும்; ஒரு சிலிண்டர் கிடைக்க மாதக்கணக்கில் நிற்க வேண்டும். எங்கள் பட்டறையில் அன்றைக்கு அரை சிலிண்டர்கூட இல்லை. அதிகமாக விட்டுவிட்டால் அப்புறம் மிஷின் ஓடினாலும் குளிராது. மனதுக்குள் பத்து எண்ணி மூடினேன். எண்ணின அவசரத்தில் எட்டா பன்னிரண்டா என்றுகூடத் தெரியவில்லை.

பட்டனை அமுக்கினேன். ஐந்து நிமிஷம். டக்.

எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. கேஸும் போயிற்று, கோளாறும் போகவில்லை. கூடத்துக்கு வந்தேன். டாக்டர் போனில் கிடைத்துவிட்டாராம். ஐஸ் ஒற்றிக்கொண்டே இருங்கள், நான் கிளம்பி வருகிறேன், ஏறிக்கொண்டே போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லியிருந்தார்.

"மொதலாளி, மீட்டர் வச்சுப் பாத்தாத்தான் என்னன்னு தெரியும். ஆயுதமெல்லாம் பட்டறையில இருக்கு. கார்ல போயி எடுத்துட்டு வந்துருதேன்" என்றேன்.

"காரை நீரு கொண்டுபோயிட்டா, பிள்ளையை எதுல வே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன்?"

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா துணியைப் பிழிவதை நிறுத்தாமலே, "தம்பி சரிபண்ணிருவாரு. அனுப்புங்க" என்றார்கள். அந்த நம்பிக்கைக்கு நான் கொஞ்சமும் தகுதி இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. இருந்தாலும் காரில் போய் ஏறிக்கொண்டேன்.

சயான் சந்திப்பில் தசரா கூட்டம். ரோட்டோரம் முழுக்கக் கேந்திப்பூ குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். டாக்ஸிக்கெல்லாம் மாலை. டிரைவர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் மஞ்சள் மஞ்சளாகப் பூவைப் பார்த்துக்கொண்டே போனேன். அத்தனை பூவைப் பார்த்தும் என் புத்தியில் ஒன்றும் உறைக்கவில்லை.

பட்டறையைத் திறந்தேன். விளக்கு அணைந்து, ஊதுவத்தி வாசனை மட்டும் இருந்தது. சிவப்புத் துணியில் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தன. சாமி படத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. "பிள்ளைக்காக" என்று மட்டும் சொன்னேன். மீட்டரையும் வால்வு சாவியையும் இரண்டு ஸ்பானரையும் எடுத்தபோது பொரித் தட்டு கவிழ்ந்து தரையெல்லாம் சிதறியது. பெருக்க நேரம் இல்லை. அப்படியே பூட்டினேன். கையில் குங்குமம் ஈரமாக ஒட்டியிருந்தது. என் பத்து விரலையும் பார்த்துக்கொண்டே திரும்பினேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஒரு விரலும் போகவில்லை.

போகவர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததுமே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது. பிள்ளைக்கு ஜன்னி கண்டு, கை கால் வெட்டி இழுத்து, அப்போதுதான் அடங்கியிருந்தது. கண் பாதி திறந்து கிடந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்காரர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் கை துணி பிழிந்து பிழிந்து வெளுத்துப் போயிருந்தது. அந்த முக்கால் மணி நேரம் கார் வாசலில் இருந்திருந்தால் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்திருப்பாள். இதை யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மீட்டரை மாட்டிப் பட்டனை அமுக்கினேன். நூற்றி இருபதில் நிற்க வேண்டிய முள் நூற்றி நாற்பதுக்குப் போய், நிற்காமல், ஒரே சீராக ஏறிக்கொண்டே போனது. கேஸ் கூடினதாக இருந்தால் ஒரு இடத்துக்குப் போய் நிற்கும். இது நிற்கவே மாட்டேன் என்றது. அப்போதுதான் தண்ணீர்க் குழாயில் கையை வைத்தேன். வெளியே போகிற குழாய் டீ கிளாஸ் மாதிரி சுட்டது. அதன் அடியில் தண்ணீர் வடிக்கிற திருகைத் திறந்தேன். பீறிட்டு அடிக்க வேண்டிய தண்ணீர், கிழவன் ஒன்றுக்குப் போகிற மாதிரி சொட்டியது.

மாடிப்படி எத்தனை என்று எனக்குத் தெரியாது, இரண்டிரண்டாக ஏறினேன். டவரில் தூறல் நின்றுபோயிருந்தது. தொட்டிக்குள் கையை விட்டேன். ஜாலியின் வாயில் மெத்து மெத்தென்று ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. இழுத்தேன். என் மாலை. பூவெல்லாம் ஊறிக் கூழாகி, நூலோடு சுருண்டு, ஜாலியில் ஒரு ஓட்டை விடாமல் அப்பியிருந்தது. நூலின் மேல்முனையில் நான் போட்ட இரண்டு முடிச்சு. முடிச்சுக்குள் உடைந்த சட்டத்துண்டு. ஊறிப்போயிருந்த மரச்சட்டம் மாலையின் பாரம் தாங்காமல் முறிந்து, மாலையோடு நேரே தண்ணீரில் விழுந்திருக்கிறது. எதிர்மூலையில் ஒரு கைப்பிடி உதிரிப்பூ தனியாக மிதந்துகொண்டிருந்தது. அது ஜாலிப் பக்கமே வரவில்லை. அதை யார் போட்டது என்று அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

மாலையை எடுத்ததும் தொட்டி மடக் மடக்கென்று தண்ணீரை விழுங்கியது. கொஞ்ச நேரத்தில் மேலே தூறல் ஆரம்பித்தது. நான் நின்று அந்த ஈரக் குப்பையைப் பார்த்தேன். முதலில் இந்தப் படியை ஏறியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. மீட்டர் வேண்டாம், ஸ்பானர் வேண்டாம், பூஜையைக் கலைத்திருக்க வேண்டாம், காரைக் கொண்டுபோயிருக்க வேண்டாம். பிள்ளைக்கு ஜன்னி வந்திருக்காது. கீழே யாராவது பார்த்துவிடுவார்களே என்ற பயம் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது. மாலையைச் சட்டைக்குள் வயிற்றோடு செருகிக்கொண்டேன்.

பட்டனை அமுக்கினேன். முள் நூற்றி இருபதுக்குப் போய் நின்றது. பத்து நிமிஷம் அதன் முன்னாலேயே நின்றேன், அசையவில்லை. நான் பயந்துபோய்த் திறந்துவிட்ட கேஸ், நான் கூடுதலாகப் போட்ட அளவுதான் போலிருக்கிறது.

கூடத்துக்கு வந்தபோது டாக்டர் வந்து ஊசி போட்டிருந்தார். தகரக் குழாயிலிருந்து குளிர்ந்த காற்று இறங்க ஆரம்பித்திருந்தது. ஒரு மணி நேரம் நாங்கள் எல்லாரும் அந்தத் தெர்மாமீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நூற்றி மூன்று. நூற்றி இரண்டு. நூற்றி ஒன்றுக்கு வந்தபோது பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். டாக்டர் பெட்டியை மூடினார். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"என்ன வே கோளாறு?"

"தண்ணி வர்ற ஜாலியில குப்பை அடைச்சிட்டு மொதலாளி."

"நேத்துத்தான கழுவினீரு. என்ன குப்பை?"

வயிற்றில் ஈரம் சட்டையைத் தாண்டித் தெரிகிறதோ என்று கையைக் குறுக்கே வைத்துக்கொண்டேன்.

"பூவா தம்பி?" என்று தரையிலிருந்து அந்த அம்மா கேட்டார்கள்.

நான் அவர்களைப் பார்த்தேன். பிள்ளையின் தலை அவர்கள் மடியில் இருந்தது.

"காலையில மாடிக்குப் போனேன். நீங்க தூவின பூ காத்துல தரையெல்லாம் கெடந்துச்சு. சாமிக்குப் போட்ட பூ, கால்ல மிதிபடக் கூடாதேன்னு அள்ளுனேன். நீங்கள்லாம் பழைய பூவைத் தண்ணியிலதான விடுவீங்க. கடல்ல விடுறதைப் பாத்திருக்கேன். அதான் அந்தத் தொட்டித் தண்ணியில போட்டேன்." என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "அதுவா அடைச்சுது?"

வீட்டுக்காரர் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நான் வாயைத் திறந்திருப்பேனோ என்னவோ.

அந்தப் பூ எதிர்மூலையில் மிதந்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். அடைத்தது என் வயிற்றில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், மாலையை ஏன் தண்ணீருக்கு மேலே கட்டினாய் என்று கேட்பார், ஏன் முதலில் மாடிக்குப் போகவில்லை, ஏன் காரைக் கொண்டுபோனாய் என்று கேட்பார், பட்டறைக்குத் தெரியவரும், வேலை போகும். இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் மனதில் ஓடியது.

"பூவும் கெடந்துச்சும்மா" என்றேன்.

பொய் இல்லை. பூவும் கிடந்தது. அப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அம்மா தலையைக் குனிந்து பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணியை வைத்தார்கள்.

மாலையைப் போகிற வழியில் குப்பையில் போட்டேன். ஆயுதங்களை விடிவதற்குள் துடைத்துப் பொட்டு வைத்து அதே இடத்தில் அடுக்கினேன், பொரியைப் பெருக்கினேன். பட்டறையில் யாருக்கும் தெரியவில்லை.

அதன்பிறகு இரண்டு வருஷம் அந்த வீட்டுக்கு சர்வீஸ் போனேன். அந்த அம்மா மாடிக்கு ஏறவே இல்லை. மாடிக் கதவைப் பூட்டி, நான் போனால் மட்டும் சாவியை நீட்டுவார்கள். நான் இறங்கி வரும்வரை படிக்குக் கீழே நின்று, "ஜாலியில எதுவும் இருந்துச்சா தம்பி?" என்று கேட்பார்கள். "இல்லம்மா" என்பேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் படி இறங்குவேன். அந்த முகத்தைப் பார்த்ததும், இவ்வளவு நாள் கழித்து எப்படிச் சொல்வது என்று வந்துவிடும். நாள் கூடக்கூட அது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

கடைசியில் அவர்கள் குன்னூரில் வீடு பார்த்துவிட்டார்கள். அங்கே பிள்ளை வெளியே ஓடலாம். ஏசி பிளான்ட்டைக் கழற்றி இறக்க என்னைத்தான் அனுப்பினார்கள். மாடியில் டவரைச் சட்டம் சட்டமாகப் பிரித்துக் கீழே கொண்டுவந்தேன். அந்த அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது போனது நல்லது தம்பி. இதைப் பாத்தாலே எனக்கு ஒடம்பு நடுங்கும்" என்றார்கள். பிறகு, உள்ளே பிள்ளை விளையாடுகிற சத்தம் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்கள்: "அவ பெரியவளானதும் சொல்லிருவேன். ஒன்னைய ஜன்னி காண வச்சது நான்தான்னு. மறைச்சு வைக்கக் கூடாது பாருங்க."

நான் வாயைத் திறந்தேன். "சட்டத்துல ஆணி இருக்கும்மா, பிள்ளையைப் பக்கத்துல விடாதீங்க" என்றேன்.

இப்போது எழுதுகிறேன். அந்தப் பிள்ளைக்கு அவள் அம்மா சொல்லியிருப்பார்கள். சொன்ன வார்த்தையை விடுகிறவர்கள் இல்லை. அவள் இதைப் படித்தால் நல்லது. தமிழ் பேசுவாள்; ஆனால் குன்னூரில் இங்கிலீஷ் கான்வென்ட்டில்தான் போட்டிருப்பார்கள். தமிழ் வாசிக்கத் தெரியுமோ என்னவோ.